செப்டிக் டேங்க் வாயைத் தரைக்கு மேல் உயர்த்துவது: கழுத்து கட்டி மூடி போடும் முழுமையான வழிகாட்டி

சென்னையின் பழைய வீடுகளில் செப்டிக் டேங்க் வருடாவருடம் ஆழத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. டேங்க் இறங்குவதில்லை, மேலே தரை ஏறுகிறது. தெருவில் தாருக்கு மேல் தார் போட்டு ரோடு உயர்ந்துவிடும். மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க வீட்டுக்காரர் வாசலில் கிராவல் கொட்டி பேவர் பிளாக் பதிப்பார். டேங்க் மூடி ஒன்றரை அடி அடியில் புதைந்துபோகும். அடுத்த முறை கழிவுநீர் லாரி வந்து நிற்கும்போதுதான் "மூடி எங்கே?" என்ற கேள்வி வரும்.

ஒவ்வொரு முறையும் தோண்டிப் புதைப்பதற்குப் பதிலாக, டேங்க் வாயைச் சுற்றி ஒரு கழுத்து எழுப்பி, தரைக்கு மேல் திறக்கக்கூடிய மூடி போட்டுவிடலாம். பலரும் மூடிக்குச் செலவழிக்கும் கவனத்தில் பாதியைக்கூட, கழுத்து பழைய ஸ்லாப்பின் மேல் உட்காரும் அந்த அடிமூட்டுக்குக் கொடுப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நுழைவது அங்கேதான்.

தொடங்குமுன் இரண்டு விஷயங்கள். உங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு சீக்கிரம் வரப்போகிறதா என்று குடிநீர் வாரியப் பகுதி அலுவலகத்தில் விசாரியுங்கள். 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளில் இணைப்பு தெருத்தெருவாக வந்துகொண்டிருக்கிறது. இணைப்பு கிடைத்தால் டேங்க்கைக் காலிசெய்து மணல் நிரப்பி மூடவேண்டியிருக்கும். அதற்குக் கழுத்து கட்டுவது வீண். அடுத்தது பருவம். நிலத்தடி நீர் இறங்கியிருக்கும் பங்குனி முதல் ஆனி வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம். மடிப்பாக்கம், வேளச்சேரி, முடிச்சூர் போன்ற தாழ்ந்த இடங்களில் ஐப்பசியில் குழி தோண்டினால் தண்ணீர் இறைப்பதே வேலையாகிவிடும்.

உயிர் சம்பந்தப்பட்டது

இந்த வேலை முழுவதிலும் யாருடைய தலையும் ஸ்லாப் மட்டத்துக்குக் கீழே போகக்கூடாது. "ஒரு நிமிஷம் இறங்கி அந்தச் செங்கல்லை எடுத்துடறேன்" என்று சொல்பவரைத் தடுத்து நிறுத்துங்கள். டேங்க்கில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது. அழுகிய முட்டை நாற்றம் கொஞ்சமாக இருக்கும்போதுதான் தெரியும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்பது ஆபத்து தீர்ந்ததற்கு அடையாளமில்லை. மெத்தேன் தீப்பிடிக்கும். அதனால் தீக்குச்சியோ கற்பூரமோ கொளுத்தி உள்ளே காட்டி "காற்று இருக்கா" என்று பார்க்கும் பழக்கம் முட்டாள்தனம். பீடி, சிகரெட், கிரைண்டர் எதுவும் திறந்த வாய்க்கு அருகில் கூடாது.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை டேங்க்கில் இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது, கையால் கழிவு அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்ந்து. நேரடியாக வேலைக்கு வைத்தவர் மட்டுமல்ல, ஆள் மூலம் வைத்தவரும் மாட்டுவார்.

இடத்தைக் கண்டுபிடிப்பது

கேஸ் பைப் எனப்படும் காற்றுக் குழாயிலிருந்து தொடங்குங்கள். அது டேங்க்கின் மேலேயோ ஒட்டியோதான் நிற்கும். கழிவறையிலிருந்து வரும் 4 இன்ச் குழாய் கடைசி சேம்பரிலிருந்து எந்தத் திசையில் போகிறதோ, அந்தக் கோட்டில் தேடுங்கள். அரை இன்ச் கம்பியை மண்ணில் மெதுவாகக் குத்திப் பாருங்கள், ஸ்லாப் தட்டுப்பட்டால் கை உணரும். கடப்பாரையால் ஓங்கிக் குத்தாதீர்கள். குறுக்கே பி.வி.சி. குழாயோ மண்ணுக்கடியில் போகும் மின் கேபிளோ இருக்கலாம்.

டேங்க்குக்குப் பெரும்பாலும் இரண்டு வாய் இருக்கும், உள்வரும் குழாய்ப் பக்கம் ஒன்று, வெளியேறும் பக்கம் ஒன்று. இரண்டையும் உயர்த்துங்கள். ஒன்றை மட்டும் உயர்த்தினால், தடுப்புச் சுவருக்கு அப்பால் தங்கும் சகதியை லாரி குழாய் எட்டாது.

ஸ்லாப் தாங்குமா?

லாரி வரும் நாளை வேலையின் முதல் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் உள்ள வண்டியையே கூப்பிடுங்கள். 14420 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். அதற்கு முன்தினமே வாயைச் சுற்றி, கட்டப்போகும் கழுத்தின் வெளிவிளிம்பிலிருந்து ஒரு அடி கூடுதலாகத் தோண்டி வையுங்கள். தோண்டும்போது பழைய மூடி மேலேயே இருக்கட்டும்.

உறிஞ்சி முடிந்ததும் ஸ்லாப்பின் அடிப்பக்கத்தைப் பார்க்கவேண்டும். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் பிடித்து, ஒளியை வாய்க்குள் திருப்புங்கள். அந்தக் காலத்தில் கிணற்றில் விழுந்த வாளியைத் தேடிய அதே முறைதான். நீண்ட குச்சியில் சாய்வாகக் கட்டிய இன்னொரு கண்ணாடியை வாய்க்குள் விட்டால், நின்ற இடத்திலேயே நின்று ஸ்லாப்பின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிடலாம். செல்போனைக் குச்சியில் கட்டி உள்ளே விடவேண்டாம்.

டேங்க்கின் வாயு மேலேறி, ஈரமான கான்கிரீட்டில் நுண்ணுயிர்களால் கந்தக அமிலமாக மாறி, ஸ்லாப்பை அடியிலிருந்து தின்னும். மேலே பார்த்தால் கல் போலிருக்கும். கண்ணாடியில் பார்த்தால் கான்கிரீட் உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி விலா எலும்பு போலத் தெரியும். அப்படித் தெரிந்தால் கழுத்து வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கீழே சொல்லும் கான்கிரீட் கழுத்து மட்டும் 300 கிலோ, மூடியும் சேர்ந்தால் 350 வரும். அரித்துப்போன ஸ்லாப்பின் மேல் அதை ஏற்றுவதைவிட, ஸ்லாப்பையே மாற்றி, புது ஸ்லாப்போடு கழுத்தைச் சேர்த்து வார்ப்பது நல்லது. அதற்குக் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்கவேண்டும்.

எதில் கட்டுவது?

வட்ட வாயாக இருந்தால் ரெடிமேட் சிமெண்ட் உறை எளிது. ஆனால் சென்னை வீடுகளில் செவ்வக வாய் அதிகம், 2 அடிக்கு 1½ அடி. அதன் மேல் 2 அடி உறையை வைத்தால் நான்கு மூலைகளும் உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 2-க்கு 1½ செவ்வகத்தின் மூலைவிட்டம் சரியாக 2½ அடி. உறையின் உள்விட்டம் அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் மூலைகள் மூடும். மூலை இடைவெளியைக் கலவையால் அப்பிவிட்டுப் போவது வழக்கம், அது இரண்டாவது மழையில் கழன்றுவிடும்.

செங்கல் கழுத்து எல்லாக் கொத்தனாருக்கும் கைவந்தது. ஆனால் செங்கல்லுக்குச் செங்கல் ஒரு மூட்டு, ஒவ்வொரு மூட்டிலும் அமில வாயு உள்ளிருந்தும் நிலத்தடி நீர் வெளியிலிருந்தும் வேலை செய்யும். பூச்சு உரிந்தால் கதை முடிந்தது. ஆறு இன்ச் உயர்த்தினால் போதும் என்கிற இடத்தில் செங்கல் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஸ்லாப் சுமாராக இருக்கிறது, கனம் ஏற்ற பயம் என்றால், 600 மி.மீ. உள்விட்டமுள்ள இரட்டைச்சுவர் எச்.டி.பி.இ. குழாயில் வேண்டிய உயரம் வெட்டி நிறுத்தலாம். அமிலம் ஒன்றும் செய்யாது, ஒரே ஆள் தூக்கிவிடலாம். பிளாஸ்டிக்கில் சிமெண்ட் ஒட்டாது என்பதால் அடியில் பியூட்டைல் மாஸ்டிக் நாடா சுற்றி, வெளியே கான்கிரீட் வளையம் கொடுக்கவேண்டும். வட்ட வாய்க்கே இது பொருந்தும்.

செவ்வக வாய்க்கு, அதே இடத்தில் வார்க்கும் 4 இன்ச் கான்கிரீட் கழுத்தே சிறந்தது. அடிமூட்டு ஒன்றைத் தவிர வேறு மூட்டே கிடையாது. கீழே அதற்கான கணக்கு.

பொருட்கள்: 2 × 1½ அடி வாய் ஒன்றுக்கு, 18 இன்ச் உயரம்

கழுத்தின் உள்ளளவு 26 × 20 இன்ச். வாயைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு இன்ச் தள்ளி நிற்கும். அந்த ஒரு இன்ச் படிக்கட்டு வீணில்லை. வார்ப்புப் பெட்டியும் பின்னால் பாதுகாப்புக் கிரில்லும் அதில்தான் உட்காரும்.

சிமெண்ட் இரண்டு மூட்டை (ஒன்று கான்கிரீட்டுக்குத் தீரும், மற்றது சிமெண்ட் பால், மூடிச் சட்டம், சரிகட்டலுக்கு). பி.பி.சி. (சாம்பல் கலந்தது) அல்லது ஸ்லாக் (இரும்பு ஆலைக் கசடு கலந்தது) சிமெண்டாக இருக்கட்டும், சல்ஃபேட்டை நன்றாகத் தாங்கும். எம்-சாண்ட் 2 கன அடி, 12 மி.மீ. ஜல்லி 4 கன அடி, இரண்டிலும் கொஞ்சம் கூடவே வாங்குங்கள். 8 மி.மீ. கம்பி 50 அடி, சுமார் 6 கிலோ. கட்டுக்கம்பி கால் கிலோ. பழைய கான்கிரீட்டில் புதியது ஒட்ட உதவும் எஸ்.பி.ஆர். லேட்டெக்ஸ் ஒரு லிட்டர். கம்பி நடும் எபாக்ஸி ஒரு சின்ன டியூப். வாட்டர்ப்ரூஃப் திரவம் மூட்டைக்கு 200 மி.லி. 18 மி.மீ. பிளைவுட், பாலித்தீன் ஷீட், சாக்கு. தண்ணீரில் ஊதி அடைத்துக்கொள்ளும் ரப்பர் நாடா 10 அடி. இது கிடைக்கும் கடையைத் தேடிப் போகலாம், அந்த அளவுக்குப் பயனுள்ளது.

வேலை

1. ஸ்லாப்பின் மேற்பரப்பைச் சுத்தம் செய்யுங்கள். கழுத்து உட்காரும் 4 இன்ச் அகலப் பட்டையை உளியால் மெல்லக் கொத்தி, ஜல்லி முகம் தெரியும் அளவுக்குச் சொரசொரப்பாக்குங்கள். பெரிய சுத்தியால் அடிக்கவேண்டாம், அதிர்ச்சியில் அடிப்பக்கக் கான்கிரீட் கழன்று விழும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

2. வார்ப்புப் பெட்டி. இந்த வேலையில் புத்தி செலவழிக்கவேண்டிய இடம் இதுதான். உள்பலகையை வெறும் நான்கு பக்கமாகச் செய்யாமல், மேஜை டிராயர் போல அடிப்பலகையோடு செய்யுங்கள். அடிப்பலகை அந்த ஒரு இன்ச் படிக்கட்டில் உட்கார்ந்து வாயை அடைத்துவிடும். வேலை நடக்கும்போது கருவியோ காலோ கலவையோ உள்ளே விழ வழியில்லை. (சிந்தும் கலவை டேங்க்கின் உள்ளிருக்கும் T வடிவக் குழாயில் விழுந்து இறுகினால், அதை எடுக்க யாரும் இறங்கக்கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.) பெட்டியின் மேல்பக்கம் அடியைவிட அரை இன்ச் அகலமாக இருக்கட்டும். நேர்ப்பெட்டி செய்தால் கான்கிரீட் கவ்விக்கொண்டு வராது. வெளிப்புறம் பாலித்தீன் சுற்றுங்கள், மேலே தூக்க இரண்டு கயிற்றுப் பிடி போடுங்கள்.

3. பெட்டியை வாயில் வைத்து, இனிமேல் எடுக்காதீர்கள். வாய் மூடியபிறகுதான் டிரில் தொடலாம். கழுத்துப் பட்டையின் நடுக்கோட்டில் 9 இன்ச்சுக்கு ஒன்றாக 12 துளைகள், 10 மி.மீ. பிட், 2 இன்ச் ஆழம். பிட்டில் இன்சுலேஷன் டேப் ஒட்டி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஸ்லாப்பைத் துளைத்துக்கொண்டு போய்விடக்கூடாது. துளையைத் தூசி போக ஊதிவிட்டு, எபாக்ஸி நிரப்பி, ஒன்றரை அடிக் கம்பிகளை நடுங்கள். டியூப்பில் போட்டிருக்கும் நேரம் வரை அசைக்காதீர்கள். பிறகு மூன்று மட்டத்தில் கிடைக்கம்பி சுற்றிக் கட்டுங்கள், மேல்சுற்று உச்சியிலிருந்து 2 இன்ச் கீழே.

4. ஊதும் நாடாவைக் கம்பி வரிசைக்கு உட்பக்கமாக, ஸ்லாப் மேல் ஒரு முழுச் சுற்று ஒட்டுங்கள். நாடாவின் இருபுறமும் போதிய கான்கிரீட் இருக்கவேண்டும், விளிம்பில் ஒட்டினால் ஊதும்போது ஓரத்தை உடைத்துவிடும். ஒட்டியபின் மழையில் நனையவிடாதீர்கள், வார்க்கும் முன்பே ஊதிவிட்டால் பயனில்லை.

5. வெளிப்பலகையை நிறுத்தி, தூக்குக்குண்டும் ரசமட்டமும் பார்த்து முட்டுக் கொடுங்கள். எவ்வளவு உயரம்? சாதாரண வாசலில் முடிந்த தரைக்கு மேல் 3 இன்ச். மழையில் தண்ணீர் தேங்கும் வாசலில் குறைந்தது 6 இன்ச், அல்லது 2015, 2023 வெள்ளத்தில் சுவரில் பதிந்த கோட்டைப் பார்த்து, முடிந்த அளவு. இன்னும் டைல்ஸ் போடவில்லை என்றால் அதன் கனத்தையும் கணக்கில் சேருங்கள். தரைக்குச் சமமாக மூடி வைத்த டேங்க்கில் மழைநீர் நேராக இறங்கும். டேங்க் நிரம்பிக் கழிவறையில் தண்ணீர் எதிர்த்து வரும், மேலே மிதக்கும் கசடு உறிஞ்சுகுழிக்குப் போய் அதையும் அடைக்கும்.

6. ஸ்லாப்பை நனைத்து, தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றியெடுங்கள். நாடா மேல் படாமல், லேட்டெக்ஸ் கலந்த சிமெண்ட் பாலைப் பட்டையில் பிரஷ்ஷால் தேய்த்து, அது காய்வதற்குள் கான்கிரீட் போடவேண்டும். காய்ந்த சிமெண்ட் பால் ஒட்டாது, பிரித்துத்தான் வைக்கும். "முதலில் பாலைப் பூசிவிட்டு டீ குடித்துவிட்டு வருவோம்" என்பதில்தான் பாதி அடிமூட்டுகள் கெடுகின்றன.

7. கலவை 1 : 1½ : 3, வாட்டர்ப்ரூஃப் திரவத்தோடு, தண்ணீர் குறைவாக. மூன்று அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் கம்பியால் குத்தி, பலகையை வெளியிலிருந்து தட்டுங்கள். முதல் அடுக்கைத்தான் அதிகம் குத்தவேண்டும். ஒரே நாளில், இடைவிடாமல் முடித்துவிடுங்கள்.

8. வெளிப்பலகையை மறுநாள் கழற்றலாம். பெட்டி மூன்று நாள் இருக்கட்டும். ஏழு நாள் ஈரச்சாக்கு போர்த்தி வையுங்கள், அக்கினி நட்சத்திர வெயிலில் ஒரு மதியம் காய்ந்தாலும் வெடிப்பு விழும்.

9. பெட்டியை எடுப்பதற்கு முன் சுற்றிலும் கயிறு கட்டி, வீட்டுக் குழந்தைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள். எடுத்தபின் கழுத்தின் உள்முகம் ஈரம் வற்றியதும், நீண்ட கைப்பிடி பிரஷ்ஷால், நின்றபடியே, கோல்தார் எபாக்ஸி இரண்டு பூச்சு. 18 இன்ச் உயரத்துக்குக் கை எட்டும், தலையைக் குனிந்து நுழைக்கத் தேவையில்லை. பூச்சு நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வாயில் பலகை இருக்கவேண்டும்.

10. குழியை மூடுமுன் சோதனை. வெளிக்குழியில், அடிமூட்டுக்கு மேல் 4 இன்ச் நிற்கும்படி தண்ணீர் விட்டு இரண்டு மணி நேரம் கழித்து, மறுபடி கண்ணாடியால் உள்ளே பாருங்கள். ஈரக்கோடு வடிந்தால் அந்த இடத்தில் வெளியிலிருந்து கொத்திச் சரிசெய்யுங்கள். இப்போது கண்டுபிடித்தால் அரை மணி நேர வேலை, பேவர் பிளாக் போட்டபின் ஒரு வார வேலை.

மண்ணை ஆறு இன்ச் அடுக்காகப் போட்டுக் கெட்டிப்படுத்தி, மேல்தரை கழுத்திலிருந்து வெளியே சரிவாக இருக்கும்படி முடியுங்கள்.

மூடி

இரும்புத் தகடு வேண்டாம். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு பள்ளியில் துருப்பிடித்த இரும்பு மூடி உடைந்து எல்.கே.ஜி. குழந்தை டேங்க்கில் விழுந்து இறந்தது. கீழிருந்து வரும் வாயு தகட்டை அடிப்பக்கம் தின்கிறது, மேலே பெயிண்ட் பளபளக்கும்.

எஸ்.எஃப்.ஆர்.சி. எனப்படும் எஃகு இழைக் கான்கிரீட் மூடியோ, எஃப்.ஆர்.பி. எனப்படும் இழை பிளாஸ்டிக் மூடியோ வாங்குங்கள். மேலே போட்டிருக்கும் தரக்குறி எல்.டி. என்றால் 2.5 டன், எம்.டி. 10 டன், எச்.டி. 20 டன். ஆள் மட்டும் நடக்கும் இடத்துக்கு எல்.டி. போதும். கார் ஏறும் இடமென்றால் எம்.டி. மூடி மட்டும் தீர்வாகாது. கழுத்து வழியாகச் சக்கரத்தின் பாரம் பழைய ஸ்லாப்புக்குத்தான் இறங்கும், அந்த ஸ்லாப் காருக்காகப் போட்டதல்ல. கார் நிறுத்தும் இடத்தை மாற்றுங்கள், அல்லது பொறியாளரிடம் தனி ஸ்லாப் கேளுங்கள். கடையில் சொல்லும் அளவு திறப்பின் அளவா, வெளிச்சட்டத்தின் அளவா என்று நாடா போட்டு அளந்து வாங்குங்கள். லாரி குழாய்க்கு வேண்டியது திறப்பு.

சட்டத்தை 1 : 3 கலவையில் ரசமட்டம் பார்த்துப் பதித்து, மூடிக்கும் சட்டத்துக்கும் இடையே ரப்பர் கேஸ்கெட் வையுங்கள். மூடியைச் சுற்றி சிமெண்ட் அப்பி அடைக்கும் சென்னை வழக்கத்தை விட்டுவிடுங்கள். அடுத்த முறை கடப்பாரையால் உடைக்கும்போது சட்டத்தின் விளிம்பும் சேர்ந்து உடையும், அதற்கடுத்த முறை எந்த மூடியும் பொருந்தாது. போல்ட் உள்ள மூடியில் எஸ்.எஸ். 304 போதும், திருவான்மியூர், நீலாங்கரை, எண்ணூர் போன்ற கடலோரத்தில் 316. போல்ட்டில் கிரீஸ் தடவுங்கள்.

மூடிக்குக் கீழே, அந்த ஒரு இன்ச் படிக்கட்டில், எஸ்.எஸ். கம்பி அல்லது எஃப்.ஆர்.பி. கிரில் ஒன்று வையுங்கள். மூடி யாரோ திறந்துவிட்டுப் போனாலும் குழந்தை விழாது. லாரி குழாய் நுழைய, தூக்கி எடுக்கும்படி இருக்கட்டும்.

இனி மூடி காற்றுப் புகாமல் அடைத்துக்கொள்ளும் என்பதால் கேஸ் பைப் கட்டாயம் வேலை செய்யவேண்டும். குறைந்தது 2 இன்ச் குழாய், வீட்டை ஒட்டிய டேங்க்கென்றால் மாடி உச்சிக்கு மேல் 2 மீட்டர், முனையில் கொசுவலை. க்யூலெக்ஸ் கொசுவுக்கு இதைவிட நல்ல பிறந்தகம் கிடையாது. வலை கிழிந்திருந்தால் வீட்டில் எத்தனை கொசுவர்த்தி ஏற்றினாலும் பயனில்லை.

சம்ப் மூடியும் செப்டிக் மூடியும் ஒரே கடையில் ஒரே அச்சில் வாங்கியவையாக இருக்கும். செப்டிக் மூடிக்கு வேறு நிறம் அடித்து வையுங்கள், தண்ணீர் லாரிக்காரர் அவசரத்தில் தவறான வாயைத் திறக்காமலிருக்க. வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து ஒவ்வொரு மூடிக்கும் உள்ள தூரத்தை அளந்து, ஈ.பி. மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் பெயிண்ட்டால் எழுதுங்கள், கடைசியாக லாரி வந்த மாதத்தையும் சேர்த்து. மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்கவேண்டும்.

முதல் பெருமழை விட்ட மறுநாள், வெயில் வந்ததும், மூடியைத் திறந்து கண்ணாடியை ஒருமுறை காட்டிப் பாருங்கள். அடிமூட்டு காய்ந்திருக்கவேண்டும்.